லொறியைப் புகைப் பரிசோதனைக்குக் கொண்டுபோகுமுன்: மட்டக்களப்பு, அம்பாறையில் முதல் கனரக வாகனம் வாங்கியவர்களுக்கு

லைசன் (வருமான அனுமதிப்பத்திரம்) முடிய இரண்டு நாள் இருக்கும்போதுதான் பலருக்குப் புகைப் பரிசோதனை ஞாபகம் வருகிறது. போய் நின்றால் புகை கூட என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். பக்கத்தில் நிற்கும் ஒருவர், "டீசல் பம்பில் திருகாணியைக் கொஞ்சம் குறைத்துவிடு, பாஸாகும்" என்பார். பாஸாகும்தான். அடுத்த வாரம் நெல் மூடை ஏற்றிக்கொண்டு செங்கலடியிலிருந்து மகா ஓயாப் பக்கம் ஏறும்போது லொறி இழுக்காது. திருகாணி பழைய இடத்துக்குப் போகும், புகையும் கூடவே திரும்பி வரும். அடுத்த வருடமும் இதே கூத்துத்தான்.

கறுப்புப் புகை என்பது நீங்கள் காசு கொடுத்து வாங்கி, அரைகுறையாக எரித்து வெளியே விடும் டீசல். காரணத்தைத் தேடும் ஒழுங்கு ஒன்றுதான்: முதலில் காற்று, அடுத்தது எரிபொருள், கடைசியில்தான் பம்ப். கீழே உள்ளதெல்லாம் இந்த ஒழுங்கில்தான் போகிறது.

முதலில் கடதாசி வேலை

வாகனப் புகைக்கான அளவுகள் 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் வரும் ஒழுங்குவிதிகளில் இருக்கின்றன. பரிசோதனைத் திட்டத்தை மேற்பார்வை செய்வது மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம். 2008இல் தொடங்கிய இந்தத் திட்டத்தில் சோதனையைச் செய்பவை இரண்டு தனியார் நிறுவனங்கள்: லாப்ஸ் எக்கோ ஸ்ரீ, டிரைவ் கிரீன். பிரதேச செயலகத்தில் வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கப் போகும்போது கனரக வாகனத்துக்குப் புகைச் சான்றிதழ், வாகனத் தகுதிச் சான்றிதழ், காப்புறுதி மூன்றும் கையில் இருக்கவேண்டும். தனியார் பஸ் என்றால் வீதி அனுமதிப்பத்திரம் வேறு.

லைசன் முடிய ஒரு மாதம் இருக்கும்போதே புகைக்குப் போங்கள். தகுதிச் சான்றிதழுக்கு முன்பே போவது நல்லது. புகைக்காகக் கழற்றிப் பூட்டும் வேலையில் சைலன்சர் ஒழுக்கு, எஞ்சின் தாங்கி என்று தகுதிச் சோதனையில் பிடிபடும் குறைகளும் கண்ணில் படும். நீளமான பத்துச் சக்கர டிப்பரோ பெரிய பஸ்ஸோ எல்லா நிலையத்துக்குள்ளும் திரும்பாது, ஆகவே முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பதிவுப் புத்தகத்தில் உள்ள செசி இலக்கம், எஞ்சின் இலக்கம், எரிபொருள் வகை மூன்றும் வாகனத்தில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று வீட்டிலேயே பாருங்கள். எஞ்சின் மாற்றிய பழைய லொறிகளில் இங்கேதான் சிக்கல் தொடங்கும்.

அந்த மெசின் எதை அளக்கிறது

டீசல் வாகனத்துக்குச் செய்வது தடையற்ற முடுக்கல் சோதனை. வண்டி நியூட்ரலில் நிற்க, அக்சிலேட்டரை ஒரு செக்கனுக்குள் அடிவரை மிதித்து, எஞ்சின் அதன் உச்சச் சுற்றைத் தொட்டதும் விடுவார்கள். இதையே சில தடவை செய்து சராசரி எடுப்பார்கள். புகைக் குழாயில் இருந்து வரும் புகைக்கூடாக ஒளியைச் செலுத்தி, எவ்வளவு மறைகிறது என்று கருவி பார்க்கிறது. அந்த மறைப்பைக் கே பெறுமானமாக, அதாவது புகையின் அடர்த்தியைக் காட்டும் இலக்கமாக, மாற்றி அறிக்கையில் எழுதுகிறது.

வழமையான கருவியில் ஒளி போகும் தூரம் 0.43 மீற்றர். ஒளியில் 50 சதவீதம் மறைந்தால் கே ஏறத்தாழ 1.6, 65 சதவீதம் மறைந்தால் 2.4, 82 சதவீதத்தில் 4.0. கணக்கு நேர்கோட்டில் போவதில்லை என்பதைக் கவனியுங்கள். புகை கறுக்கக் கறுக்கக் கே விரைவாக ஏறும். மேல்பக்கத்தில் சிறிய திருத்தமும் இலக்கத்தை நன்றாக இறக்கிவிடும்.

இன்னொன்று: கருவிக்கு நிறம் தெரியாது. கறுப்போ நீலமோ வெள்ளையோ, ஒளியை மறைப்பதெல்லாம் கணக்கில் சேரும். கறுப்பு என்றால் காற்றுக் குறைவு அல்லது டீசல் கூட. நீலம் என்றால் எஞ்சின் ஓயில் எரிகிறது: பிஸ்டன் வளையம், வால்வு சீல், டர்போ சீல். சூடேறிய பிறகும் வெள்ளை போனால் கொம்பிரெசன் குறைவு, பிந்திய டைமிங் (டீசல் தெளிக்கும் நேரம் பிந்துவது), அல்லது உள்ளே தண்ணீர். நீலமும் வெள்ளையும் கராஜ் வேலை. கீழே சொல்லும் அதிகமானவை கறுப்புக்குத்தான்.

காற்று

கச்சான் காற்று வீசும் மாதங்களிலும் வேளாண்மை வெட்டும் காலத்திலும் நம் பக்கத்து லொறிகள் ஓடுவது தூசிக்குள். வட்டைக்குள் இறங்கிச் சூடடிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் நின்று மூடை ஏற்றும் லொறியின் எயார் பில்டரில் நெல் உமியின் மெல்லிய தூசி ஒட்டும். அது மண் தூசிபோலத் தட்டினால் விழாது. மடிப்புக்குள் போய்ப் பஞ்சுபோல அடைத்துக்கொள்ளும். வேளாண்மை வெட்டு முடிந்ததும் பில்டரை மாற்றுவது என்று ஒரு வழக்கம் வைத்துக்கொண்டால், பரிசோதனையில் தோற்கும் லொறிகளில் ஒரு பகுதி தோற்காமலே தப்பும்.

பில்டரை ஊதித் துப்பரவு செய்வதென்றால் உள்ளிருந்து வெளியே ஊதுங்கள், 30 பி.எஸ்.ஐ. அளவில், சற்றுத் தள்ளிப் பிடித்து. டயருக்கு அடிக்கும் முழு அழுத்தத்தில் அடித்தால் காகிதம் நுண்ணியதாகக் கிழியும், பிறகு தூசி நேரே சிலிண்டருக்குள். ஊதியபின் இருட்டில் பில்டருக்குள் டோர்ச் அடித்துப் பாருங்கள். ஊசித் துவாரமாக ஒளி தெரிந்தால் அதை எறியவேண்டியதுதான்.

டர்போ உள்ள எஞ்சினில் டர்போவிலிருந்து காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கும், அங்கிருந்து எஞ்சினுக்கும் போகும் ரப்பர் குழாய்கள் அடுத்த சந்தேகம். வெடிப்பு கிளிப்புக்கு அடியில்தான் இருக்கும், கழற்றாமல் தெரியாது. ஒருவர் எஞ்சினை முடுக்க மற்றவர் கையால் தடவினால் காற்று சீறுவது தெரியும். மூட்டைச் சுற்றி ஓயிலும் தூசியும் பசைபோல ஒட்டியிருந்தால் அங்கே கசிகிறது. பழைய கிளிப்பை இன்னும் இறுக்குவதைவிடக் கிளிப்பை மாற்றுவது மலிவு.

வால்வு இடைவெளி நீண்டகாலம் பார்க்கப்படாமல் இருந்தால் அதையும் இதோடு செய்யுங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, உங்கள் எஞ்சினுக்குரிய அளவில்.

எரிபொருள்

மாரிகாலத்தில் வெள்ளத்துக்குள் ஓடிய லொறியின் டாங்கியில் தண்ணீர் இல்லை என்று நம்பவேண்டாம். மூச்சுக் குழாய் வழியாகவும் மூடி வழியாகவும் புகுந்திருக்கும். பாதி நிரம்பிய டாங்கி இரவில் குளிரும்போதும் உட்புறச் சுவரில் நீர் வியர்க்கும். டீசல் பில்டரின் அடித் திருகைத் தளர்த்தி, தெளிந்த டீசல் வரும்வரை வடிக்கவேண்டும். சந்தேகமானால் டாங்கியின் அடியிலிருந்து ஒரு கண்ணாடிப் போத்தலில் எடுத்து ஒரு நாள் அசையாமல் வையுங்கள். அடியில் தண்ணீர் பிரிந்து கோடு விழுந்தால் டாங்கியைக் கழுவாமல் வேறெதையும் தொடவேண்டாம்.

மண்ணெண்ணெய் கலப்பது பற்றி ஒரு வார்த்தை. கலந்தால் புகை கொஞ்சம் குறைவது உண்மை. அதனால்தான் சோதனைக்கு முதல்நாள் சிலர் ஊற்றுகிறார்கள். ஆனால் மண்ணெண்ணெய்க்கு வழுவழுப்புக் குறைவு. டீசலையே மசகாகக்கொண்டு ஓடும் பம்பின் பிளஞ்சரும் (டீசலை அழுத்தும் தண்டு), சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டரின் ஊசியும் தேயும், தேய்ந்த இன்ஜெக்டர் சொட்டும், சொட்டினால் முன்னையதைவிடக் கூடுதல் புகை. கொமன் ரெயில் எஞ்சினில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் பிந்திய வகை) இந்தச் சேதம் மிக விரைவு. 2022 ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ஆக ஏறியபோது பழைய இலாபமும் இதில் இல்லாமற்போனது.

அடுத்தது இன்ஜெக்டர். பழைய பம்ப் எஞ்சின் என்றால் எல்லாவற்றையும் கழற்றி டீசல் பம்ப் திருத்துமிடத்தில் சோதனை மேசையில் வைத்துப் பாருங்கள். கம்பனி சொன்ன அழுத்தத்தில் திறக்கவேண்டும், பனிப்புகைபோலத் தெளிக்கவேண்டும், நின்றபின் நுனியில் துளி தொங்கக்கூடாது. ஒன்று பழுது என்று ஒன்றை மட்டும் மாற்றினால் சிலிண்டருக்குச் சிலிண்டர் டீசல் அளவு வேறுபடும், எஞ்சின் ஆடும். கழற்றிய செப்பு வளையத்தைத் திரும்பப் போடாமல் புதிதாகவே போடுங்கள்.

கொமன் ரெயில் என்றால் ஒவ்வோர் இன்ஜெக்டரின் திரும்பும் குழாயையும் தனித்தனிப் போத்தலில் விட்டு, எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டுப் பாருங்கள். ஒரு போத்தல் மட்டும் மற்றவற்றைவிட வேகமாக நிரம்பினால் குற்றவாளி அதுதான். உயர் அழுத்தக் குழாய்களை எஞ்சின் ஓடும்போது தளர்த்தவே கூடாது. அந்த டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும்.

இவ்வளவும் சரியாக இருந்து, அதற்குப் பிறகும் கறுப்பு என்றால்தான் பம்ப். முத்திரையிட்ட முழுச்சுமைத் திருகாணி மேசையில் அளந்து வைப்பதற்கு உரியது, வீதியோரத்தில் ஸ்பனரால் திருப்புவதற்கு உரியதல்ல. டைமிங் பிந்தியிருக்கிறதா என்பதையும் பம்பைப் பூட்டும்போதே பார்க்கவேண்டும்.

ஜப்பானிலிருந்து வந்த பிற்கால லொறிகள்

கதவுத் தூணில் உள்ள தகட்டில் மொடல் இலக்கத்துக்கு முன்னால் இரண்டு மூன்று எழுத்துகள் இருக்கும். அது அந்த வண்டி எந்தக் காலத்து ஜப்பானியப் புகை விதிக்குச் செய்யப்பட்டது என்பதன் அடையாளம். கே.கே. என்று தொடங்கினால் 1990களின் கடைசியில் வந்த விதி. பி.கே.ஜி. என்றால் 2005ஆம் ஆண்டு விதி, டி.கே.ஜி. என்றால் 2009ஆம் ஆண்டு விதி. இந்தப் பிந்தியவற்றில் சைலன்சருக்குள் கரிப்பொடி வடிகட்டி, அதாவது டி.பி.எஃப். இருக்கும்.

இந்த வடிகட்டிக்குள் தேங்கும் கரி எரிந்து போக 550 முதல் 600 பாகை செல்சியஸ் வரை சூடு வேண்டும். நம்முடைய கரையோரமோ தட்டை நிலம். அக்கரைப்பற்றிலிருந்து மட்டக்களப்பு வரை ஊருக்கு ஊர் தொட்டுக்கொண்டு, நின்று நின்று ஓடும் பாதை. எஞ்சின் உழைப்பதே இல்லை, வடிகட்டி தானாகச் சுத்தமாகும் சூடு வருவதும் இல்லை. டாஷ்போர்டில் விளக்கு மினுங்கினால் நிறுத்தி, கைமுறைச் சுத்திகரிப்புப் பொத்தானை அழுத்தி, முடியும்வரை எஞ்சினை நிறுத்தாமல் விடுங்கள். கால் மணி நேரம், இருபது நிமிடம் பிடிக்கும். வைக்கோலுக்கு மேல் நிறுத்திச் செய்யவேண்டாம், சைலன்சர் வாயில் அத்தனை சூடு.

கந்தகம் கூடிய டீசலும் சாம்பல் கூடிய ஓயிலும் இந்த வடிகட்டிக்கு ஆகாது. கட்டுப்படியானால் சுப்பர் டீசல், ஓயில் டி.பி.எஃப்.புக்கு உரிய தரத்தில். உள்ளே இருப்பதைக் குத்தி எடுத்துவிட்டு வெறுங்குழாய் போடுவது பரவலாக நடக்கிறது. அதற்குப் பிறகு அந்த வண்டியின் புகை முழுவதும் வடிகட்டப்படாமல் வரும், கம்பியூட்டரும் அழுத்தம் காட்டவில்லை என்று பிழைக் குறியீடு போட்டுச் சக்தியைக் குறைக்கும். புகையில் ஒரு பகுதியைத் திரும்ப எஞ்சினுக்குள் அனுப்பும் ஈ.ஜி.ஆர். வால்வைத் தகடு வைத்து அடைப்பதும் இந்த இனம்தான். கறுப்பு குறையும், நைதரசன் ஒட்சைட்டு கூடும். இங்கே டீசல் சோதனை அதை அளப்பதில்லை, சுவாசிப்பவர்தான் அளக்கிறார்.

போகும் நாள்

ஓயில் அளவையும் ரேடியேட்டர் தண்ணீரையும் பாருங்கள். எஞ்சின் ஓயில் 80 பாகைக்கு வந்திருக்கவேண்டும். காலையில் ஸ்டார்ட் பண்ணி ஐந்து நிமிடத்தில் வாசலுக்குப் போனால் வராது. இருபது முப்பது நிமிடம், ஒரு கியர் குறைவாக வைத்து, எஞ்சின் சுற்று ஏறும்படி ஓட்டிக்கொண்டு போங்கள். மாதக்கணக்காகச் சைலன்சரில் படிந்த கரி வழியிலேயே கொட்டிவிடும். மட்டக்களப்பிலிருந்து வாழைச்சேனைப் பக்கம் போகும் ஏ-15 வீதியில் இதற்கு இடமிருக்கிறது. கல்முனை நகருக்குள் முடியாது.

பழைய டொயோட்டா டைனாவில் 3எல், 5எல் எஞ்சின் இருந்தால் டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று தெரியாமல் சோதனைக்கு விடவேண்டாம். 100,000 கிலோமீற்றரில் மாற்றவேண்டிய பெல்ட், முழுச் சுற்றுக்கு மிதிக்கும்போது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும். பெரிய லொறி எஞ்சின்கள் பெரும்பாலும் பல்சக்கரம், அவற்றுக்கு இந்தப் பயம் இல்லை.

சைலன்சரில் ஓட்டை இருந்தால் நல்லது, புகை வேறு வழியாகப் போய்விடும் என்று நினைப்பவர்கள் உண்டு. ஒழுக்கு உள்ள வண்டியைச் சோதிக்காமலே திருப்பலாம்.

தோற்றால்

அறிக்கையைக் கசக்கி எறியவேண்டாம், மெக்கானிக்குக் கொடுக்கும் மருந்துச் சீட்டு அதுதான். ஒவ்வொரு மிதிப்பின் இலக்கத்தையும் வரிசையாகப் பாருங்கள். முதலாவது கூட, போகப்போகக் குறைகிறது என்றால் குழாயில் கரி. நன்றாக ஓட்டிவிட்டுத் திரும்பப் போகலாம். எல்லாம் ஒரே அளவில் உயரமாக நின்றால் காற்று அல்லது இன்ஜெக்டர். ஏறிக்கொண்டே போனால் டர்போ சீல், ஓயில் பக்கம் பாருங்கள். எஞ்சின் உச்சச் சுற்றும் ஒழுங்காக வரவேண்டும். சுற்று ஏறாத வண்டியில் எடுத்த அளவு செல்லாது.

சான்றிதழ் கையில் இருந்தாலும் வீதியில் மறித்துச் சோதிக்கலாம். திணைக்களத்தின் புகைப் பிரிவு பொலிசாரோடு சேர்ந்து இதைச் செய்கிறது. அங்கே தோற்றால் திருத்தி மீண்டும் காட்டச் சொல்வார்கள், சொன்ன நாளுக்குள் காட்டாவிட்டால் லைசனுக்கு ஆபத்து. ஐரோப்பாவில் 2013இல் வந்த யூரோ 6 விதியிலிருந்து லொறியிலேயே அளவீட்டுக் கருவியைப் பூட்டி, சுமையோடு வீதியில் ஓடும்போதே நைதரசன் ஒட்சைட்டு வரை பார்க்கிறார்கள். அதோடு ஒப்பிட்டால் நம்முடையது எளிமையான சோதனை. பராமரித்த எந்தப் பழைய எஞ்சினும் தாண்டக்கூடியது.

டீசலுக்குப் பதிலாக வேறெதாவது?

இந்தக் கேள்வி டீசல் விலை ஏறும்போதெல்லாம் வரும். இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: எஞ்சினைத் தொடாமல் டாங்கியில் ஊற்றுவது ஒன்று, எஞ்சினையே மாற்றியமைப்பது மற்றது.

முதலாவதில் உயிர்டீசல், அதாவது தாவர எண்ணெய் போன்றவற்றைப் பதப்படுத்திச் செய்யும் டீசல். தரப்படி செய்ததாக இருந்தால் 5, 7 சதவீதம் கலப்பது பெரும்பாலான எஞ்சின்களுக்குப் பிரச்சினை இல்லை. ஐரோப்பிய டீசல் தரமே 7 சதவீதம் வரை அனுமதிக்கிறது. 20 சதவீதத்துக்கு எஞ்சின் கம்பனியின் எழுத்துமூல அனுமதி வேண்டும். உயிர்டீசல் டாங்கியில் பழைய அழுக்கைக் கரைத்துக் கொண்டுவரும். முதல் சில ஆயிரம் கிலோமீற்றரில் பில்டர் அடைபடும், இரண்டு பில்டர் கைவசம் இருக்கட்டும். பழைய ரப்பர்க் குழாய்கள் ஊதி மென்மையாகும்.

வெறும் தேங்காயெண்ணெயோ பொரித்த எண்ணெயோ உயிர்டீசல் ஆகாது. டீசலைவிடப் பத்து மடங்கு அளவில் தடிப்பு, இன்ஜெக்டர் நுனியில் கரி கட்டும். தேங்காயெண்ணெய் 24 பாகைக்குக் கீழே உறையும். மட்டக்களப்பில் ஓடும் லொறி இரவில் பதுளைப் பக்கம் ஏறியதும் பில்டர் மெழுகாகி நிற்கும். ஹிங்குரானையில் கரும்பு இருப்பதால் எதனோலைப் பற்றியும் கேட்பார்கள். அது டீசல்போலத் தானே தீப்பற்றாது, நீர் சேர்ந்தால் டீசலிலிருந்து பிரியும். டீசல் டாங்கியில் ஊற்றுவது வெடிகுண்டு வைப்பதற்குச் சமம்.

இரண்டாவதில் எல்.பி. காஸ். டீசல் எஞ்சினில் தீப்பொறி பிளக் இல்லை, ஆகவே காஸ் மட்டும் கொண்டு ஓடாது. ஒன்றில் சிலிண்டர் தலையை மாற்றிப் பிளக் பூட்டி அமுக்க விகிதத்தைக் குறைக்கவேண்டும், இல்லாவிட்டால் டீசலும் காஸும் சேர்ந்த இரட்டை முறை. இரண்டும் செலவானவை. வீட்டுச் சிலிண்டரைக் கட்டி ஓடுவது பற்றி யோசிக்கவே வேண்டாம். வாகன டாங்கியில் 80 சதவீதத்தில் நிரப்புவதை நிறுத்தும் வால்வு இருக்கும், வீட்டுச் சிலிண்டரில் அது இல்லை. அமுக்கிய இயற்கை வாயுவுக்கு நம் நாட்டில் நிரப்பும் நிலைய வலையமைப்பே இல்லை.

அதற்குப் பிறகும் மாற்றுவதென்றால் கடதாசி முதலில், டாங்கி பிறகு. பதிவுப் புத்தகத்தில் உள்ள எரிபொருள் வகையை உங்கள் விருப்பத்துக்கு மாற்ற முடியாது. எஞ்சின், எரிபொருள், உடற்பகுதி எதை மாற்றினாலும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துப் பதியவேண்டும். லீசிங்கில் எடுத்த வண்டியென்றால் புத்தகத்தில் முழு உரிமையாளர் அந்த லீசிங் கம்பனிதான், அவர்களின் எழுத்துமூலச் சம்மதத்தை முதலில் எடுங்கள். பிறகு பூட்டப்போகும் டாங்கியினதும் உபகரணத்தினதும் தரச் சான்றுகள்: எல்.பி. காஸ் டாங்கிக்கு ஐ.நா. 67ஆம் இலக்க விதி, அமுக்கிய வாயுவுக்கு 110ஆம் இலக்க விதி. சான்றில் உள்ள தொடரிலக்கமும் டாங்கியில் குத்தியிருக்கும் இலக்கமும் ஒன்றா என்று கண்ணால் பாருங்கள். இந்தக் கட்டோடு திணைக்களத்தில் கேட்டு, அவர்கள் சரியென்ற பிறகே கராஜுக்கு முற்பணம் கொடுங்கள். பூட்டியதும் வண்டியைப் பரிசோதகருக்குக் காட்டி, புத்தகத்தில் திருத்தம் எடுத்து, காப்புறுதிக் கம்பனிக்கும் எழுத்தில் அறிவிக்கவேண்டும். அறிவிக்காத காஸ் வண்டி தீப்பிடித்தால் நட்டஈடு கேட்கும் இடத்தில் நிற்க முடியாது.

புத்தகத்தில் திருத்தம் விழாமல் புகைச் சோதனைக்குப் போகவும் வேண்டாம். பிளக் பூட்டிய வண்டிக்குக் காபனோரொட்சைட்டும் ஐதரோகாபனும் அளக்கவேண்டும், டீசலுக்குப் புகை மறைப்பு. எந்தக் கருவியைப் பூட்டுவது என்று நிலையத்தில் முடிவு செய்வது புத்தகத்தைப் பார்த்துத்தான்.